எடைமேடை

எண்ணூர் சாலையில் நடுநிசிக்கு மேல்
லாரிகள் நகர்வதில்லை,
நகர்வதாக நினைத்துக்கொண்டு நிற்கின்றன.
கண்ணாடிக் கூண்டுக்குள் நான் தட்டுகிறேன்:
வண்டி எண், காலி எடை, சரக்கு எடை.
ஒரு வண்டி இறங்கி மறுவண்டி ஏறுவதற்குள்
பன்னிரண்டு தையல் போடலாம்.
சங்கிலித் தையலென்றால் இருபது.

இழுப்பறையில், ரசீது உருளைக்குக் கீழே,
வளையத்தில் இறுக்கிய காடாத் துணி.
நான் தைப்பது பூ இல்லை.
மணலிப் பக்கம் ராப்பகலாய் எரிகிற புகைபோக்கி.
அதன் நெருப்புக்கு மட்டும் நான்கு மஞ்சள், மூன்று ஆரஞ்சு.
இன்னொரு நிறம் வேண்டும், அதற்குப் பெயர் தெரியவில்லை.
எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு
"எதுக்கும்மா, பிளவுஸுக்கா?" என்றார்.
ஆமாம் என்றேன்.

வீட்டில் கேட்டால் தலையணை உறை.
மேனேஜர் கேட்டால் பட்டன்.
ஆறு வருடம்,
பாலத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க
நான் ஒருத்திதான் என்றிருந்தேன்.

மாசி என்று ஞாபகம். கடல் பக்கமிருந்து பனி.
ரசீதுக்கு ஒரு டிரைவர் கை நீட்டினார்.
சட்டைக் காலரில் ஊசி.
காதில் கோத்த பச்சை, விரல் நீளம், காற்றில் ஆடுகிறது.
பட்டனுக்கு யாரும் நூலை
இழை பிரித்துக் கோப்பதில்லை.

நான் பார்த்ததை அவர் பார்த்தார்.
கை காலருக்குப் போனது,
பாக்கெட்டில் எதையோ ஒளிக்கிறவன் மாதிரி.
பின்னால் ஹாரன்.
அவசரத்தில் எனக்கு வந்தது இவ்வளவுதான்:
"எத்தனை இழை?"

"ரெண்டு" என்றார்.
கியர் போட்டபின்,
"இலைக்கு மட்டும் ஒண்ணு."

தேசப்பன். பொன்னேரி. பதினாறு வருடமாக வண்டி.
வரிசையில் நிற்கும் நேரமெல்லாம்
ஸ்டியரிங் மேல் துணி விரித்து மாமரம்.
ஒரு கிளை முடிய நான்கு கண்டெய்னர் ஆகும்.
கிளீனர் பையன் வெளியே சொல்ல மாட்டான்,
மாதம் ஒரு பிரியாணி அவனுக்கு.

தேசப்பனிடம் ஒரு நம்பர் இருந்தது:
ஸ்டான்லியில் நைட் டூட்டி பார்க்கும் புளோரா.
புளோராவிடம் ஒன்று:
பழைய வண்ணாரப்பேட்டை ஜரீனா,
கணவர் தூங்கியபின் வெள்ளையில் வெள்ளை தைக்கிறவள்.
ஜரீனாவிடம் ஒன்று:
பெயர் சொல்லாத காசிமேட்டுக்காரர்,
அவர் பேசினால் பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம்.
இப்போது ஏழு பேர்.

முகம் யாரும் அனுப்புவதில்லை.
அனுப்புவது துணியின் பின்பக்கம்.
முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள்.
நூல் எங்கே தாவியது,
எங்கே சிக்கி, கோபத்தில் அறுபட்டது,
அதெல்லாம் பின்னால்தான்.
என்னுடையதை மூன்று நாள் வைத்திருந்தேன்,
விருந்தாளி வரும் நேரம் பார்த்து
உள்பாவாடை காய்கிற கொடி மாதிரி ஒரு கூச்சம்.

அனுப்பினேன். இரவு இரண்டே கால்.
ஜரீனா கேட்டாள்:
"நெருப்புகிட்ட ஏன் ஆறு முடிச்சு?"
அன்னிக்கு வாடை தாங்கல, கண்ணெல்லாம் எரிஞ்சுது,
ஊசி எங்க குத்துதுன்னே தெரியல, என்றேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
விடிகிற நேரத்தில் காசிமேட்டுக்காரர்
தன் துணியின் பின்பக்கத்தை அனுப்பினார்.
ஒரே இடத்தில் ஒன்பது முடிச்சு.
கீழே, "அதே வாரம்."

நேற்று தேசப்பன் வண்டி ஏறியது.
முப்பத்தெட்டு டன் சொச்சம்.
ரசீதை வாங்கிய கை
என் உள்ளங்கையில் ஒரு சுருளை வைத்துவிட்டுப் போனது.
அந்த நிறம். பெயர் தெரியாத அதே நிறம்.
"எங்க கிடைச்சுது?"
ஹாரன். கேட்டைத் தாண்டிவிட்டார்.

பத்து கிலோவுக்குக் கீழ்
இந்த மேடைக்கு எதுவும் தெரியாது.
திரையில் சைபர்.
சுருளைப் பிரித்துப் பார்த்தேன்:
ஒரு முழம், ஆறு இழை,
ரெண்டு ரெண்டாகப் பிரித்தால் மூன்று முறை கோக்கலாம்.
நெருப்புக்குப் போதாது.
இன்னும் வேண்டுமென்று
கேட்க வேண்டும்.